இழுப்பதா, தட்டுவதா? வலைப்பக்கத்தில் ஸ்லைடர் வைக்க எந்த வழி நல்லது

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் தன் கடைக்கு வலைத்தளம் கேட்டு வந்தபோது போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தார். ஏதோ காபிக்கொட்டைக் கடையின் பக்கம். எடையைத் தேர்ந்தெடுக்க அதில் ஒரு நீளப் பட்டை, பட்டையின் மேல் ஒரு குமிழ். அதைத்தான் ஸ்லைடர் என்போம். "இதே மாதிரி இழுத்தா கிலோ ஏறணும் தம்பி. குமிழ் மட்டும் முந்திரிப் பருப்பு வடிவத்துல இருந்துட்டா நம்ம கடைன்னு பார்த்ததுமே தெரியும்" என்றார். கேட்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் மூன்று பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. அந்த முந்திரிக் குமிழுக்குப் பிறகு ஒரு தங்கும் விடுதிக்கு வாடகை வடிகட்டி செய்தோம், ஒரு வாசிப்புத் தளத்துக்கு எழுத்தளவு மாற்றி செய்தோம். மூன்றிலும் ஸ்லைடர்தான் கேட்டார்கள். பிரவுசரின் சொந்த ஸ்லைடர், அதற்கே அலங்காரம் செய்தது, வெறும் டிவ்வில் (பக்கத்தில் போடும் வெற்றுப் பெட்டி) நாமே கட்டியது, பிறர் எழுதிவைத்த லைப்ரரி, ஸ்லைடரே வேண்டாம் என்று விட்டது என ஐந்து வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறோம். எந்த வேலைக்கு எது என்று இப்போது எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைக் காரணங்களோடு எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எண் கச்சிதமாக வேண்டுமா, குத்துமதிப்பாகப் போதுமா?

எப்படிக் கட்டுவது என்று யோசிப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. அண்ணன் கேட்டது கால் கிலோவில் தொடங்கி 10 கிலோ வரை, கால் கால் கிலோவாக ஏறும் ஸ்லைடர். அதாவது 40 நிலைகள், நடுவில் 39 தாவல்கள். நம் ஊரில் நிறையப் பேர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அகலம் 360 சிஎஸ்எஸ் பிக்சல், அதாவது வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி எண்ணும் பிக்சல். இரண்டு ஓரமும் 16 பிக்சல் விட்டால் பட்டைக்கு 328 கிடைக்கும். குமிழின் அகலம் 24 என்றால் அது நகர மிஞ்சுவது 304. அதை 39 தாவலுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 8 பிக்சல்கூடத் தேறாது. விரலைத் திரையிலிருந்து எடுக்கும்போது நுனி லேசாக உருளும் அல்லவா, அந்த உருளலே 8 பிக்சலைத் தின்றுவிடும்.

நான் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வருகிறவன். முதல் வடிவம் தயாரானதும் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகை கட்டைவிரலால் 3 கிலோ வைக்கப் பார்த்தேன். அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது 2.75. திருத்தினால் 3.25. தவளக்குப்பத்தில் ஒருவழியாக 3 வந்தது, விரலை எடுத்தேன், மறுபடி 3.25. கிருமாம்பாக்கத்தில் டிரைவர் பிரேக் போட்டதும் நாலரை. பக்கத்தில் நின்றிருந்த கல்லூரிப் பெண் என் போனைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அதுல நம்பர் போடுற எடமே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை. நாங்கள் வைக்கவில்லை.

ஒலியளவு, திரை வெளிச்சம், எழுத்தின் பருமன் போன்றவற்றில் எண் யாருக்கும் தேவையில்லை. காதும் கண்ணும் போதும் என்று சொல்லும் இடத்தில் கை நின்றுவிடும். ஸ்லைடர் பிறந்ததே அந்த வேலைக்குத்தான். காசு, எடை, ஆள் எண்ணிக்கை, தேதி என்று வந்தால் எண்தான் முக்கியம். அங்கே ஸ்லைடர் மட்டும் வைப்பது, தராசில் தட்டு இருந்தும் படிக்கல் தராமல் கைமதிப்பாகப் போடச் சொல்வது போல. கை நடுங்குகிறவர்களுக்கு, பார்வை குறைந்தவர்களுக்கு, ஒரு கையில் குழந்தையை வைத்திருப்பவருக்கு அது தடையாகவே ஆகிவிடும்.

இனி ஒவ்வொரு வழியாக.

பிரவுசரின் சொந்த ஸ்லைடர்

எச்டிஎம்எல் 5 தந்த இன்புட் டைப் ரேஞ்ச் என்பதைத்தான் சொந்த ஸ்லைடர் என்கிறேன். மின், மேக்ஸ், ஸ்டெப் (கீழ் எல்லை, மேல் எல்லை, தாவல் அளவு) எதுவும் கொடுக்காவிட்டால் 0 முதல் 100 வரை, ஒன்று ஒன்றாக, நடுவில் 50-இல் நிற்கும். ஒரு லேபிளைக் கட்டிவிட்டால் ஸ்கிரீன் ரீடருக்கு (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) பெயர், வகை, மதிப்பு மூன்றும் போய்ச் சேர்ந்துவிடும். அம்புக்குறி விசைகளில் ஒவ்வொரு தாவலாக நகரும். ஹோம், எண்ட் இரண்டும் ஓரங்களுக்குக் கொண்டுபோகும். பேஜ் அப், பேஜ் டவுன் பெரிய தாவலாகத் தாவும். பெரும்பாலான பிரவுசர்களில் பட்டையில் எங்காவது தட்டினால் குமிழ் அங்கே வந்துவிடும். படிவத்தோடு மதிப்பும் தானாகவே போகும். இவற்றில் எதற்கும் நாம் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் சொல்லும் ஒரே குறை, "பார்க்க எல்லாரோடதும் மாதிரியே இருக்கே." அதற்குப் பாதி விடை ஆக்சென்ட்-கலர் என்ற ஒற்றை சிஎஸ்எஸ் வரி. குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் 2021-லும், சஃபாரியில் 2022-லும் வந்தது. கடையின் நிறத்தைக் கொடுத்தால் நிரம்பிய பகுதியும், பல பிரவுசர்களில் குமிழும் அந்த நிறத்துக்கு மாறிவிடும். விண்டோஸில் உயர் மாறுபாட்டு வண்ணங்களை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் இது கெடாமல் தெரியும். பத்துக்கு எட்டு வேலையில் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

அதற்கே அலங்காரம்

முந்திரி வடிவம் வேண்டும் என்றால் பிரவுசரின் தோற்றத்தை நீக்க அப்பியரன்ஸை நன் என்று வைத்து, குமிழையும் பட்டையையும் நாமே வரைய வேண்டும். குரோம், சஃபாரி போன்ற வெப்கிட் வழி பிரவுசர்களுக்கு ஒரு செலக்டர் (அலங்காரம் எந்தப் பகுதிக்கு என்று காட்டும் பெயர்), ஃபயர்பாக்ஸுக்கு வேறு ஒன்று. புதிதாக வருகிற பையன்கள் இரண்டையும் காற்புள்ளி போட்டு ஒரே விதியாக எழுதிவிட்டு, ஒன்றுமே வரவில்லை என்று அரைநாள் தேடுவார்கள். தனக்குத் தெரியாத ஒரு செலக்டர் பட்டியலில் இருந்தால் பிரவுசர் அந்த விதி முழுவதையும் தள்ளிவிடும். ஆகவே ஒரே அலங்காரத்தை இரண்டு தடவை தனித்தனியாக எழுதியே ஆக வேண்டும். நிரம்பிய பகுதிக்கு ஃபயர்பாக்ஸில் தனி செலக்டர் உண்டு, குரோமில் இல்லை. அங்கே பட்டைக்கு இரண்டு நிறப் பின்னணி கொடுத்து, இழுக்க இழுக்க அதன் எல்லையை ஜாவாஸ்கிரிப்டில் நகர்த்த வேண்டும்.

இது அரைநாள் வேலை, செய்துவிடலாம். அதோடு சேர்ந்து கைவிட்டுப் போவது எவை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். முதலாவது, ஃபோகஸ் வளையம். அவுட்லைனை அழகுக்காக அழிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. டேப் விசையில் வருகிறவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது அந்த வளையம்தான். இரண்டாவது, நிற வேறுபாடு. கட்டுப்பாடு ஒன்றை அடையாளம் காட்டும் பகுதிகள் பக்கத்து நிறத்தோடு 3-க்கு 1 என்ற அளவிலாவது வேறுபட வேண்டும் என்று 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்னும் இணைய அணுகல் விதித்தொகுப்பு சொல்கிறது. டிசைனர்கள் விரும்பிப் போடும் வெளிர் சாம்பல் பட்டை வெள்ளையின் மேல் 1.4-ஐக்கூட எட்டாது. 949494 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல்தான் அந்த 3-ஐ ஒட்டிக் கடக்கிறது. அலுவலக ஏசியில் மானிட்டரைப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றும். மே மாதம் நண்பகலில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் நின்று போனில் பாருங்கள், வெளிர் சாம்பல் பட்டை இருந்த இடமே தெரியாது. எங்கள் அலுவலகத்தில் இப்போது எந்தப் பக்கத்தையும் வெயிலில் ஒரு தடவை பார்க்காமல் வாடிக்கையாளருக்கு அனுப்புவதில்லை.

மூன்றாவது, உயர் மாறுபாட்டு நிலை. அதில் நாம் கொடுத்த பின்னணி நிறங்களைக் கணினி மாற்றிவிடும், நிழல்களை எடுத்துவிடும். பின்னணி நிறத்தால் மட்டுமே வரைந்த குமிழ் காணாமல் போகும். குமிழுக்கும் பட்டைக்கும் ஒளிபுகும் நிறத்தில் ஒரு பார்டர் வைத்தால் போதும்: மற்றவர்களுக்கு அது தெரியாது, அந்த நிலையில் பார்ப்பவர்களுக்குக் கோடாக எழுந்து நிற்கும். குமிழின் அளவையும் பாருங்கள். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 தட்டும் இடங்களுக்கு 24-க்கு 24 பிக்சல் என்று கீழ்வரம்பு வைத்திருக்கிறது. இன்னும் கண்டிப்பான நிலைக்கு 44. நான் 44-தான் வைப்பேன். முந்திரி வடிவம் சின்னதாகத் தெரிந்தாலும் அதைச் சுற்றித் தொட்டால் பிடிக்கும் பரப்பு பெரிதாக இருக்கலாம்.

வெறும் டிவ்வில் நாமே கட்டுவது

நாங்கள் சறுக்கியது இங்கேதான். முந்திரிக் குமிழின் மேல் எடை தெரியும் ஒரு சின்னக் குமிழி வேண்டும், இழுக்கும்போது அது ஆட வேண்டும் என்று ஆசை வளர்ந்துகொண்டே போக, சொந்த ஸ்லைடரை விட்டுவிட்டு டிவ்வில் கட்டினோம். பொறுப்பில்லாமல் செய்யவில்லை. இது ஸ்லைடர் என்று அறிவிக்கும் ரோல் ஸ்லைடர் போட்டோம், டேப் விசையில் நிற்க டேப்இண்டெக்ஸ் கொடுத்தோம், ஏரியா-வேல்யூமின், ஏரியா-வேல்யூமேக்ஸ், ஏரியா-வேல்யூநவ் என்று ஸ்கிரீன் ரீடருக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை, இப்போதைய மதிப்பு சொல்லும் ஆட்ரிபியூட்கள் மூன்றையும் ஒழுங்காக வைத்தோம். அம்பு விசைகளும் ஹோமும் எண்டும் எழுதினோம். என்விடிஏ-வில் சோதித்தோம், அழகாக வாசித்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியிராத ஸ்கிரீன் ரீடர் அது, எங்கள் மூன்று கணினியிலும் இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் எங்கள் தளங்களைச் சோதித்துத் தருவார். பார்வை இல்லாதவர், பதினைந்து ஆண்டுகளாக ஸ்கிரீன் ரீடரோடு புழங்குகிறவர். அந்த வேலைக்குக் கட்டணம் வாங்கிக்கொள்வார், நாங்களும் குறைக்காமல் கொடுப்போம். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆண்ட்ராய்டு போனில் அதன் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை வைத்துப் பக்கத்தைத் திறந்தார். விரலை வலப்பக்கம் தள்ளித் தள்ளி ஸ்லைடருக்கு வந்தார். "எடை, ஸ்லைடர், 1 கிலோ" என்றது போன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் ஸ்லைடரை நகர்த்த எப்போதும் செய்வதுபோல ஒலியளவு பொத்தானை ஒருமுறை அழுத்தினார். காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். பிறகு விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"தம்பி, ஸ்லைடர்னு சொல்லுது. 1 கிலோன்னும் சொல்லுது. ஆனா நகர மாட்டேங்குதே."

"சார், கீபோர்டுல வேலை செஞ்சதே சார்."

"போன்ல கீபோர்டுக்கு எங்க போறது?"

காரணத்தை அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சொந்த ஸ்லைடராக இருந்தால், போனின் ஸ்கிரீன் ரீடர் "ஒரு படி கூட்டு" என்று சொன்னதும் பிரவுசரே மதிப்பை மாற்றிவிடும். டிவ்வில் கட்டியதற்கு மதிப்பு எங்கே இருக்கிறது என்பதே பிரவுசருக்குத் தெரியாது. ஏரியா ஆட்ரிபியூட்கள் எல்லாம் வெறும் அறிவிப்புப் பலகைகள். நம் நிரல் காத்திருப்பதோ அம்பு விசை அழுத்தத்துக்கு. அந்தச் சைகையை விசை அழுத்தமாக மாற்றிக் கொடுத்தால்தான் நம் நிரலுக்குச் செய்தி போகும், எல்லா இடத்திலும் அப்படி மாற்றிக் கொடுப்பதில்லை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் ஏரியா வழிகாட்டியே ஸ்லைடர் பகுதியின் தொடக்கத்தில் இதை எச்சரிக்கையாகப் போட்டிருக்கிறது: தொடுதிரை உதவிக்கருவிகளில் முழுமையாகச் சோதிக்காமல் இந்த வடிவத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று. விசைகளின் பட்டியலை மட்டும் பார்த்து எழுதிவிட்டு அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருந்தோம்.

இது ஒரு குறை. இன்னும் இருக்கின்றன. இழுக்கும்போது விரல் பட்டையை விட்டு விலகினாலும் பிடி விடாமல் இருக்க பாயின்ட்டர் கேப்சர் வேண்டும். பக்கத்தை மேலும் கீழும் தள்ளுவதோடு மோதாமல் இருக்க டச்-ஆக்ஷன் வேண்டும். நடுவில் அழைப்பு வந்து தொடுகை அறுந்தால் மதிப்பு எங்கே நிற்கும் என்று யோசிக்க வேண்டும். டிவ் படிவத்தோடு போகாது, அதற்கு ஒரு மறைவு இன்புட். இழுக்காமலே தட்டி மாற்ற வழி வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி 2.2-இன் புதிய விதி. அதையும் நாமே எழுத வேண்டும். சொந்த ஸ்லைடரில் இவை எல்லாம் கேட்காமலே வந்தவை. டிவ்வில் ஒவ்வொன்றாக மறுபடி வாங்குகிறோம், வாங்கியும் போனில் ஓடவில்லை.

ஆகவே இந்த வழியைப் பற்றி என் முடிவு கறார்: வட்டமாகத் திருகும் குமிழ், வரைபடத்தின் மேல் நகரும் புள்ளி போன்று சொந்த ஸ்லைடரால் முடியவே முடியாத உருவம் கேட்டால் மட்டும் டிவ். அப்போதும் உள்ளே கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சொந்த ஸ்லைடரை வைத்து, மதிப்பை அதனிடம் விட்டுவிட்டு, டிவ்வை அதன் நிழலாக மட்டும் நகர்த்துங்கள். மறைக்கும்போது டிஸ்பிளே நன் போட்டால் ஸ்கிரீன் ரீடருக்கும் மறைந்துவிடும்; ஒளிபுகுநிலையைப் பூஜ்யமாக்கி, குமிழ் இருக்கும் இடத்தின் மேலேயே கிடத்த வேண்டும். அப்போதுதான் விரலால் திரையைத் தடவித் தேடுகிறவருக்கும் அது சரியான இடத்தில் அகப்படும்.

லைப்ரரிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் மேலே சொன்ன ஒரே அளவுகோல் போதும். குமிழுக்குள்ளே நிஜமான இன்புட் ரேஞ்ச் இருக்கிறதா, இல்லை ரோல் ஒட்டிய டிவ்வோ ஸ்பேனோ இருக்கிறதா? பிரவுசரில் இன்ஸ்பெக்ட் போட்டுப் பார்த்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும். அடோபியின் ரியாக்ட் ஏரியாவும், மெட்டீரியல் யூஐ-யும் குமிழுக்குள் மறைவாக இன்புட் ரேஞ்ச் வைக்கின்றன. ராடிக்ஸ், நோயூஐஸ்லைடர் இரண்டிலும் குமிழே ரோல் ஸ்லைடர் தாங்கிய உறுப்பு. நோயூஐஸ்லைடர் வேறெந்த லைப்ரரியையும் சாராதது, கீபோர்டு வேலை செய்யும், ஏரியாவில் என்ன வாசிக்க வேண்டும் என்பதற்கும் தனி வசதி தருகிறது. ரியாக்ட் (பக்கங்களைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) இல்லாத தளத்துக்கு இரட்டைக் குமிழ் வேண்டும் என்றால் எடுக்கத் தோன்றும். எடுத்தால் பக்கத்திலேயே எண் பெட்டிகளும் வையுங்கள், போனில் டாக்பேக்கையும் ஐபோனின் வாய்ஸ்ஓவரையும் போட்டு நீங்களே தடவிப் பாருங்கள். ஏற்கெனவே ரியாக்டில் இருக்கிறவர்களுக்கு நான் ரியாக்ட் ஏரியாவைச் சொல்வேன்: தோற்றத்தை முழுக்க நம் கையில் விட்டுவிடுகிறது, நடத்தையைத் தான் பார்த்துக்கொள்கிறது.

இரட்டைக் குமிழ் என்னும் தலைவலி

மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி. மூன்று கட்டடம், அறைக்கு அறை வாடகை வேறு. 1,000 முதல் 8,000 ரூபாய் வரை, குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று வடிகட்ட இரட்டைக் குமிழ் கேட்டார்கள். எச்டிஎம்எல்-லில் இரட்டைக் குமிழ் ஸ்லைடர் கிடையாது. எல்லோரும் செய்கிற தந்திரம், இரண்டு இன்புட் ரேஞ்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடத்துவது. மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்குமே என்று இரண்டுக்கும் பாயின்ட்டர்-ஈவென்ட்ஸை நன் ஆக்கி, குமிழ்களுக்கு மட்டும் ஆட்டோ கொடுப்பார்கள். இரண்டு குமிழும் தனித்தனியே பிடிபடும்.

அந்த ஒரு வரியால் கைவிட்டுப் போவது என்ன? பட்டையில் தட்டினால் குமிழ் ஓடிவரும் வசதி. பட்டை இப்போது தொடுகையையே உணராது. இழுக்க முடியாதவருக்கு இருந்த வழி அடைபட்டுவிட்டது. கீபோர்டு வேலை செய்கிறது, பார்க்கவும் அழகு, எந்தச் சோதனைக் கருவியும் குறை சொல்லாது. பக்கவாதம் வந்து ஒரு கையால் மட்டும் போனைப் புழங்கும் விருந்தினர் ஒருவர் விடுதிக்கு அழைத்து, "குறிவெச்சுத் தட்டத்தான் முடியும், இழுக்க வராது" என்று சொன்ன பிறகுதான் நாங்கள் உணர்ந்தோம்.

இன்னொரு பொறி: இரண்டு குமிழும் 8,000-இல் போய் ஒன்றின் மேல் ஒன்று நின்றால், மேலே இருப்பது எதுவோ அதுதான் பிடிபடும். அது அதிக வாடகைக் குமிழாக இருந்தால், வலப்பக்கம் போக இடமில்லை, இடப்பக்கம் போகக் கீழ்க்குமிழ் விடாது. ஆள் மாட்டிக்கொள்வார். குமிழ் பாதியைத் தாண்டியதும் எது மேலே என்பதை மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு குமிழுக்கும் "குறைந்த வாடகை", "அதிக வாடகை" என்று தனிப் பெயரும், இரண்டையும் சேர்த்துக் கட்டும் ஃபீல்ட்செட்டும் வேண்டும். டேப் விசையின் வரிசை எந்நேரமும் மாறக் கூடாது.

இவ்வளவையும் செய்து முடித்த பிறகு, விடுதியின் வரவேற்பில் இருக்கும் அக்காவிடம் கேட்டேன், வருகிறவர்கள் போனில் எப்படிக் கேட்பார்கள் என்று. "ரெண்டாயிரத்துக்குள்ள ரூம் இருக்கான்னு கேப்பாங்க. குறைஞ்சது இவ்வளவு இருக்கணும்னு யாருப்பா கேப்பா?" என்றார். கீழ்க்குமிழே தேவையில்லை. 2,000-க்குள், 3,500-க்குள், 5,000-க்குள், எதுவானாலும் சரி என்று நாலு ரேடியோ பட்டன் வைத்தோம். இரட்டைக் குமிழ் கேட்டு யாராவது வந்தால் இப்போது முதலில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்கிறேன்.

தமிழில் வாசிக்கும்போது

தமிழ்த் தளம் செய்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.  ஸ்லைடரின் மதிப்பு ஒரு வெறும் எண். எங்கள் முந்திரிக் கடையில் அது கிராமில் இருந்தது. அப்படியே விட்டால், குமிழை நகர்த்தும்போது ஸ்கிரீன் ரீடர் "2500" என்று மட்டும் சொல்லும். என்ன 2500? ரூபாயா, கிராமா? ஏரியா-வேல்யூடெக்ஸ்ட் என்ற ஆட்ரிபியூட் இதற்குத்தான் இருக்கிறது. எண்ணுக்குப் பதிலாக என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிவிடலாம். சொந்த ஸ்லைடரிலும் இதைப் போடலாம்.

முதலில் "2.5 கிலோ" என்று எழுதினோம். போன் "இரண்டு புள்ளி ஐந்து கிலோ" என்றது. பண்ருட்டிச் சந்தையில் யாராவது அப்படிக் கேட்பார்களா? "இரண்டரை கிலோ" என்று எழுத்தாகவே எழுதிக் கொடுத்தோம். கால் கிலோ, முக்கால் கிலோ, ஒன்றே கால் கிலோ. ஆசிரியர் கேட்டுவிட்டு, "இப்பத்தான்யா கடைக்காரன் பேசுறான்" என்று சிரித்தார். அதற்கு முன்னால் பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் ஆட்ரிபியூட் தமிழ் என்று இருக்க வேண்டும். ஆங்கிலம் என்று விட்டுவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைக் கடித்துத் துப்பும், சில குரல்கள் பேசாமலே தாண்டிவிடும்.

அதில் விலையையும் சேர்த்து, "இரண்டரை கிலோ, இந்த எடைக்கான விலை" என்று நீளமாக எழுதினோம். தப்பு. ஒவ்வொரு தாவலுக்கும் அது முழுவதையும் வாசிக்கும். பத்து தாவல் போக வேண்டியவர் ஒவ்வொரு முறையும் பாதியில் குறுக்கே அழுத்திக்கொண்டே போக வேண்டும். இரண்டு சொல்லில் முடியுங்கள். இன்னொரு இடறல்: பக்கத்தில் மதிப்பைக் காட்ட அவுட்புட் என்ற எச்டிஎம்எல் உறுப்பை வைத்திருந்தோம். அது மாறினால் ஸ்கிரீன் ரீடருக்குத் தானாகவே அறிவிப்புப் போகும். ஸ்லைடர் ஒரு தடவை சொல்ல, அவுட்புட் இன்னொரு தடவை சொல்ல, "இரண்டரை கிலோ, இரண்டரை கிலோ" என்று எதிரொலி. மதிப்பைக் காட்ட மட்டும் என்றால் சாதாரண ஸ்பேன் போதும். விலை மாற்றத்தை இழுத்து முடித்த பிறகு, அதாவது இன்புட் நிகழ்வில் இல்லாமல் சேஞ்ச் நிகழ்வில், ஒரு தடவை அறிவித்தால் போதும்.

சமமில்லாத படிகளுக்கும் இதே ஆட்ரிபியூட்தான் கைகொடுக்கும். 250 கிராம், அரை கிலோ, 1, 2, 5, 10 கிலோ என்று ஆறே நிலை என்றால் ஸ்லைடரை 0 முதல் 5 வரை வைத்து, ஒவ்வொன்றுக்கும் வாசிக்க வேண்டியதை எழுதிவிடலாம். படிவம் வந்துசேரும் இடத்தில் 3 என்பது 2 கிலோ என்று மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். நாங்கள் ஒருநாள் மறந்து, 2 கிலோ கேட்ட ஒருவருக்கு 3 கிலோ பார்சல் போய்விட்டது.

சட்டப் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. இணைய வசதிகளை அணுக முடிவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிச் சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்ட முடியாதவர்கள் தொடுத்த வழக்கு அது. வாடிக்கையாளர் "இதுக்கெல்லாம் எதுக்குத் தம்பி செலவு" என்று கேட்டால் இதைச் சொல்லலாம். நான் ஆசிரியரின் போனையே காட்டுவேன்.

எங்கள் மூன்று தளமும் இப்போது

முந்திரிக் கடையில் ஸ்லைடர் இல்லை. ஆறு எடைக்கு ஆறு பெரிய ரேடியோ பட்டன்கள், கடைசியில் "வேறு எடை" என்று ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு டைப் நம்பர் வைக்கவில்லை. மவுஸ் சக்கரத்தைத் தெரியாமல் உருட்டினால் எண் மாறிவிடும் தொல்லை அதில் உண்டு. டெக்ஸ்ட் வைத்து, இன்புட்மோட் டெசிமல் கொடுத்தால் போனில் எண் பலகையும் புள்ளியும் வருகின்றன. பக்கத்தில் கால் கிலோ கூட்டவும் குறைக்கவும் 44 பிக்சலில் இரண்டு பொத்தான்கள். அண்ணனுக்கு முதலில் மனசில்லை. முந்திரி வடிவம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். தேர்ந்தெடுத்த பட்டனின் மேல் டிக் குறிக்குப் பதில் முந்திரிப் பருப்பை வரைந்து கொடுத்தோம், சமாதானமானார்.

விடுதிக்கு நாலு ரேடியோ பட்டன், சொன்னேனே.

வாசிப்புத் தளத்தில் மட்டும் ஸ்லைடர் நிற்கிறது, அங்கேதான் அதற்கு நியாயமான வேலை. பிரவுசரின் சொந்த ஸ்லைடர், ஆக்சென்ட்-கலரோடு, 16 முதல் 32 வரை இரண்டிரண்டாக ஒன்பது நிலை. ஒரு தாவலுக்கு 38 பிக்சல் கிடைக்கிறது, பஸ்ஸிலும் தவறுவதில்லை. இரண்டு ஓரத்திலும் சின்ன "அ", பெரிய "அ". அவை இரண்டும் பொத்தான்கள், தட்டினாலும் ஒரு படி மாறும். குமிழை நகர்த்தும்போதே கீழே இருக்கும் பத்தி பெருத்துக் காட்டும், எந்த எண்ணும் திரையில் இல்லை. வேல்யூடெக்ஸ்ட்டில் "சிறியது", "நடுத்தரம்", "பெரியது", "மிகப் பெரியது" என்று எழுதியிருந்தோம். ஒன்பது நிலைக்கு நாலு சொல் போதாமல், நகர்த்தியும் அதே சொல் வருகிறதே என்று ஆசிரியர் சொன்னார். போன வாரம் "5-ஆம் அளவு", "6-ஆம் அளவு" என்று மாற்றி அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.